ஹாக்கிக்கு அடியில்

"டிஸ்க்ல கீறல் விழுந்திருக்கு" என்பான் என்சியோ, ஒவ்வொரு கல்யாண நாளிலும்.

"விடு, சவுனா அறை சூடாயிடுச்சு. நீராவில குளிக்கலாம், வா" என்பாள் மார்கெத்தா.

கல்யாண வீடியோ இருந்த டிஸ்க், அழித்து எழுதும் ரகம். ஒருநாள் அவசரத்தில் அதன்மேல் ஐஸ் ஹாக்கி இறுதியாட்டத்தைப் பதிந்துவிட்டிருந்தான்.

இருபதாவது கல்யாண நாளன்று, தம்பெரே நகரில் ஒரு கணினிக் கடைக்கு ரகசியமாகப் போனான்.

"ஹாக்கி ஏறின இடம் போனது போனதுதான். அதுக்கப்புறம் மிச்சமிருக்கறதை எடுத்துத் தரேன்" என்றார் கடைக்காரர்.

திரையில் ஹாக்கி முடிந்ததும் பனிச்சறுக்கு நடனப் போட்டி ஓடியது.

"உங்க கல்யாணத்துல இப்படியா ஆடுனீங்க?"

என்சியோ திகைத்தான். அந்தப் போட்டியை ஒரு வருடம்கூட விடாமல் பார்ப்பவள் மார்கெத்தா. அவனுக்கு முன்பே அவள் அழித்திருக்கிறாள்!

நடனத்துக்குப் பிறகு இரண்டே நிமிடம் கல்யாணம் மிஞ்சியிருந்தது. யாரோ அணைக்க மறந்த கேமராவில், விருந்தினர் போன கூடம். மணப்பெண் நாற்காலிகளை அடுக்குகிறாள். மாப்பிள்ளை தரையைப் பெருக்குகிறான்.

மாலையில் வீட்டில் அதைப் போட்டான். ஹாக்கி வந்ததும் அவன் தலை குனிந்தான். நடனம் வந்ததும் அவள்.

கடைசிக் காட்சியில் மார்கெத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் மூலையைப் பெருக்காமத்தான் விட்டிருக்கே, பாரு!"