நான்கு வீடுகள்
குவெட்டா மருத்துவமனை முற்றத்து மேசையில் காலை வெயில் விழுகிறது. நேற்று காவலர் பயிற்சிப் பள்ளிக்குள் புகுந்து தீவிரவாதிகள் கொன்ற பையன்களின் கைப்பேசிகள் அதில் பரப்பிக் கிடக்கின்றன. அங்கே பயிற்சியில் இருந்த என் தம்பி பர்யாலை அழைக்கிறேன். மற்ற வீட்டாரும் அதே நேரம் அழைக்கிறார்கள் போல, நான்கு கைப்பேசிகள் ஒன்றாக ஒலிக்கின்றன. நான்கின் திரையிலும் ‘வீடு’ என்றே இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆண்கள் வீட்டுப் பெண்களின் பெயரைக் கைப்பேசியில் பதிவதில்லை. “அக்கா பேரைப் போட்டா என்னடான்னு கேட்டேன். எவனாவது பாத்துடுவானாம், பெரிய ரோஷக்காரன்,” என்கிறாள் அம்மா. காவலர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார். “தங்கச்சி, நீ கட் பண்ணும்மா. எது அடங்குதுன்னு பாப்போம்.” எதுவும் அடங்காவிட்டால் அவன் உயிரோடு இருக்கலாம். அம்மா என் விரலையே பார்க்கிறாள். நான் துண்டிக்காமல் நிற்கிறேன்.