இன்னும் ஒரே ஒரு திருத்தம்

"இவனுக்கு வேற வேலை வெட்டியே கிடையாதா?" என்றான் பல் டாக்டர், மனைவியின் தோளுக்கு மேலாக மடிக்கணினியை முறைத்தபடி.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிளினிக்குக்கு விடுமுறை. துவைத்த துணிகள் மடிக்க ஆளில்லாமல் சோபாவில் மலையாகக் கிடந்தன. அவன் மனைவியோ காபி ஆறுவதுகூடத் தெரியாமல் திரையில் மூழ்கியிருந்தாள்.

அவள் மென்பொருள் எழுதுபவள். ஓர் இணையதளத்தில் எந்தெந்தப் பக்கங்கள் இருக்கின்றன என்று சொல்லும் கோப்புக்கு சைட்மேப் என்று பெயர். அதைப் படித்துக் கொடுக்கும் இலவச நிரல் ஒன்றுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் அதைப் பராமரிக்கும் 'முள்' என்ற புனைபெயர்க்காரர் சம்மதித்தால்தான் சேர்க்கப்படும்.

பெரிய தளங்களில் ஒரு சைட்மேப்புக்குள் இன்னும் பல இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல், ஒரே கட்டளையில் எல்லா முகவரிகளையும் எடுத்துத் தரும் சின்ன வசதி ஒன்றை எழுதி, தன் பெயரிலேயே அனுப்பியிருந்தாள் அவள்.

மழைக்காலத்தில் அனுப்பியது. இப்போது வெயில் கொளுத்துகிறது. முள் மசியவில்லை. முதலில் கட்டளையின் பெயர் நீளம் என்றார், சுருக்கினாள். ஒரே முகவரி இரண்டு தடவை வருகிறதே என்றார், சரிசெய்தாள். அப்புறம் விளக்கம் போதாது. இன்றைக்கு, காலியான கோப்பு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்.

"மொத்தக் குறையையும் ஒரேயடியா சொல்லித் தொலைக்கலாம்ல? தவணை முறையில சொல்றான். வாரத்துக்கு ஒரு பல்லு சொத்தைன்னு நான் சொன்னா, பேஷண்ட் என் பல்லை உடைச்சிடுவான்."

"அவன் இவன்னு பேசாதீங்க."

"மரியாதை வேறயா அந்த ஆளுக்கு?"

அவனுக்கு ஆறவில்லை. அந்த நிரலை யாரும் பிரதி எடுத்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பிறகு எதற்கு இந்தக் கெஞ்சல்? இருவரும் சேர்ந்து வெளியே போய் எத்தனை நாளாயிற்று என்று பொரிந்து தள்ளினான். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்க எழுந்து போனாள் அவள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். முள்ளுக்கு நறுக்கென்று நாலு வரி தட்டினான். என் மனைவி உங்கள் வீட்டு வேலைக்காரி இல்லை, இந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறோம், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம் என்று.

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டு ஓடி வந்தவள் திரையைப் பார்த்ததும் வெளிறிப் போனாள்.

"அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அனுப்பத்தான் போறேன். உனக்கு ரோஷமே கிடையாதா?"

அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்து, அவன் எழுதியதை முழுவதும் அழித்தாள்.

"காலிக் கோப்பு வந்தா என்ன செய்யணும்னு எனக்கு முதல் நாளே தெரியும். வேணும்னேதான் விட்டு வச்சேன். அதுக்கு முன்னாடி அவர் சொன்ன குறையெல்லாமும் அப்படித்தான்."

"பைத்தியமா உனக்கு? சரியா எழுதி அனுப்பியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சிருக்கும்" என்றாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் அப்பா என்கிட்ட பேசறது இதுல மட்டும்தாங்க."