ஒரு வலை நண்டு

“மாமா, உங்களுக்குத் தண்ணி வேண்டாமோ?” கடைசிச் சண்டையில் தன் போத்தலை நீட்டிய போராளியிடம் மேரிசெல்வியின் சின்ன மகள் கேட்டாள். அந்த ஜெயரூபன் இன்று பொய்க்காலோடு பேசாலைக் கரையில் வேலை கேட்டு நிற்கிறான். அங்கே நண்டு கழற்றும் மேரிசெல்வியை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. “ஒற்றைக்காலன் என்னத்தைச் செய்வான்?” என்கிறார் வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி குரூஸ். “வலையில நண்டு கழற்றக் கால் எதுக்கு அண்ணை? நீங்கள் காலாலயோ கழற்றுறனீங்கள்? நல்ல மனுசன், நான் பொறுப்பு,” என்கிறாள் மேரிசெல்வி. “சரி, மத்தியானத்துக்குள்ள இந்த வலையை முடிக்கட்டும். இல்லாட்டி வேண்டாம்.” வெயில் ஏறுகிறது. அவன் விரல்களில் இரத்தம். வலையில் பாதி நண்டு அப்படியே கிடக்கிறது. எல்லோரும் தேநீருக்கு எழுந்து போக, அவனும் நொண்டியபடி போகிறான். மேரிசெல்வி மட்டும் அவனுடைய வலையருகே குந்தி, ஒவ்வொரு அருள்நிறைந்த மரியே செபத்துக்கும் ஒரு நண்டாகக் கழற்றி, அவனுடைய கூடையில் போடுகிறாள்.