மூன்றெழுத்து இடுக்கு

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்வங்களே. இடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பரவாயில்லை. சின்னக் கதை. ஒரு மூச்சைப் பிடித்து விடுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஸ்கேன் இயந்திரத்துக்குள் அவள் படுத்திருந்தாள்.

மூக்குக்கு நேர் மேலே குழாயின் கூரை. கையில் ஒரு ரப்பர் பந்து.

பயமாக இருந்தால் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஸ்கேன் நின்றுவிடும். வெளியே இழுத்துவிடுவார்கள்.

போன வாரம் அமுக்கினாள். முந்தாநாளும் அமுக்கினாள்.

இன்றும் அமுக்கினால் படம் கிடையாது. படம் இல்லாமல், தலைக்குள் இருப்பது கட்டியா வெறும் வலியா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

இயந்திரம் தட்டத் தொடங்கியது. தகரக் கூரையில் சம்மட்டி விழுகிற மாதிரி.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். காலையில் ஆட்டோவில் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் என்றால் அவள் வீட்டுக்காரர். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். மனுஷருக்கு ஆறுதல் சொல்ல வராது. அர்த்தம்தான் சொல்ல வரும்.

"ஏ, என், ஜி. இந்த மூணு எழுத்தப் பாத்துக்கோ கோமு. ஆங்கர்னா கோவம். ஆங்குவிஷ்னா வேதனை. நகத்தோரம் தோலு உரிஞ்சு நிக்கும்லா, அதுக்குக்கூட பழைய இங்கிலீஷ்ல ஆங் போட்டுத்தான் பேரு. எல்லாத்துக்கும் அடியில ஒரே அர்த்தம். இடுக்கம். நாமளும் துன்பத்த இடுக்கண்ணுதான சொல்லுதோம்?"

"ஏஞ்சல்லயும் அந்த மூணு எழுத்து இருக்கே. அவளும் இடுக்குக்காரிதானா?"

ஏஞ்சல் என்பது ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிற பெண்.

"அது வேற குடும்பம். சேதி கொண்டாறவங்கன்னு அர்த்தம்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

இப்போது தோள் இரண்டும் குழாய்ச் சுவரில் உரசின. காது மடலில் வியர்வை இறங்கியது. துடைக்கக் கூடாது.

கோபம், இடுக்கு. வேதனை, இடுக்கு. நகத்தோரத்துத் தோல், இடுக்கு.

இது எல்லாரும் நுழைந்து வந்த இடுக்குதான் போலிருக்கிறது. அதனால்தானே பேர் வைத்திருக்கிறார்கள்.

விரல்கள் பந்தைச் சுற்றி மூடின.

விரித்தாள்.

மறுபடி மூடின.

மறுபடி விரித்தாள்.

சத்தம் நின்றது. ஏஞ்சல் அவளை வெளியே இழுத்தாள். "பாத்தீங்களாம்மா, இன்னைக்கு அசையவே இல்ல."

வெளியே பெஞ்சில் அவர். அவளைக் கண்டதும் எழுந்தார்.

கைக்குட்டைப் பொட்டலத்தை நீட்டினார்.

கைக்குட்டைக்குள் அவள் கழற்றிக் கொடுத்த தாலியும் மூக்குத்தியும் இருந்தன. கைக்குட்டை ஓரமெல்லாம் சிவப்புப் பொட்டு.

அவள் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தோரத்துத் தோல் அடிவரை கிழிந்திருந்தது. உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் பிய்த்திருக்கிறார்.

தாலியை வாங்கிப் போடத் தோன்றவில்லை. பந்தைப் பிடித்திருந்த கைக்குள் அந்த விரலை வாங்கிக்கொண்டாள்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு திறந்தது. ஏஞ்சல்.

"டாக்டர் ரெண்டு பேரையும் உள்ள வரச் சொல்லுதாங்க."

இப்போது அந்த விரலை அமுக்கினாள்.

உங்கள் வீட்டு வாசல் அகலமாக இருக்கட்டும், செல்வங்களே. அதன் வழியே என்ன சேதி வந்தாலும், பிடித்துக்கொள்ள உங்களுக்கு ஒரு விரல் இருக்கட்டும்.