சீல் குத்தாத சிரிப்பு

பீர்மேட்டு மூடுபனி தேயிலைத் தூர்களை விட்டு இப்போதுதான் எழுந்திருக்கிறது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கூடிய பெண்கள் எஸ்டேட் ஆபீஸ் நோட்டீஸ் பலகையை மொய்த்து நிற்கிறார்கள். தண்ணீர் வராத நாள், டாக்டர் வரும் நாள் என்று மலையாளத்தில் ஒட்டிய அறிவிப்புகளுக்கு நடுவே, நேற்று கம்பம் பஸ்ஸில் வந்த தமிழ் வார இதழின் ஒரு தாள் படபடக்கிறது. ராமலட்சுமி எழுதிப்போட்ட துணுக்கு அதில் அச்சாகியிருக்கிறது, பாருங்கள்! ஒட்டியவளும் அவளேதான். 'அட்டைக்கும் சூப்பர்வைசருக்கும் என்ன வித்தியாசம்? வயிறு நிறைந்தால் அட்டை விட்டுவிடும்.' கொழுந்துச் சாக்கை இடுக்கிக்கொண்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். ஒருத்தியும் சிரிக்கக் காணோம். “எந்த ராமலட்சுமியோ! நம்ம லைன் வீடுகள்லயே நாலு பேரு இருக்காளுக,” என்கிறாள் அழகுத்தாய். “நான்தான்க்கா. பீர்மேடுன்னு போட்டிருக்கான்ல?” “ஆபீஸ் சீல் எங்கடி? சீல் இல்லாத நோட்டீஸ என்னைக்கு நம்பிருக்கோம்?” ராமலட்சுமிக்கு மூக்கு நுனி சிவந்து, கண் கலங்கப் பார்க்கிறது. ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த கிளார்க் பாண்டித்துரை வெளியே வருகிறார். உதடு அசைய வாசிக்கிறார், தொப்பை குலுங்குகிறது. உள்ளே போய் சீலோடு திரும்பி, அவள் பெயருக்குக் கீழே 'டப்'பென்று ஒரு குத்து. ஊதா மை காயுமுன்னே அழகுத்தாய் முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கிறாள். 'அட்டை விட்டுவிடும்' என்ற இடம் வருவதற்குள் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறாள்.