ஒரு படிவம் ஜாஸ்தி

அன்று வெள்ளிமலைப் பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள்: ஆசிரியர்கள் பதினெட்டு, ஆராய்ச்சி மாணவி சுபஸ்ரீ ஒன்று, கதவு திறந்து டீ கொடுக்கும் நான் ஒன்று. ஆக இருபது.

திரும்பி வந்த கருத்துப் படிவங்கள் பத்தொன்பது.

"பதினெட்டுதானே வரணும்? யாரோ ரெண்டு போட்டுட்டாங்க" என்றாள் சுபஸ்ரீ. முகம் வாடிவிட்டது. "நாளைக்குக் கடைசி நாள். கணக்கு இடிச்சா என் ஆராய்ச்சியையே ஏத்துக்க மாட்டாங்க."

காலையிலிருந்து அவள் காட்டியது கம்ப்யூட்டர் பாடம். திரையில் வண்ணக் கட்டைகளை இழுத்துக் கோத்தால் பூனை நடக்கும். இதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா என்று ஆசிரியர்களைக் கேட்கத்தான் அந்தப் படிவம். இருபது கேள்வி. பேர் எழுத வேண்டாம்.

சிவசங்கர் சார் பையை மாட்டிக்கொண்டார். "மூணரை பஸ் போயிடும். எந்தத் திருட்டுக் கை அது? படிச்சவங்க பண்ற வேலையா?"

"இன்னா சார், என்னையே பாத்துக்கினு இருக்கீங்க?" என்றார் பெரியநாயகி டீச்சர். "நீங்க சொன்ன மாதிரிதானே நானும் போட்டேன்."

"நான் இன்னா சொன்னேன்?"

"பாவம், படிக்கிற பொண்ணு, எல்லாத்துக்கும் 'முழுச் சம்மதம்'னு போட்டுடுங்கன்னு."

நாலு பேர் சிரித்தார்கள். சுபஸ்ரீ சிரிக்கவில்லை.

"ரெண்டு போட்டவங்க ரெண்டாவதைப் படிக்காமதான் போட்டிருப்பாங்க" என்றாள். "படிவத்துக்கு உள்ளயே அதுக்கு ஒரு பொறி இருக்குங்க சார். நாலாவது கேள்வி, 'இந்த முறை எனக்கு எளிது.' பதினாறாவது, 'இந்த முறை எனக்குக் கடினம்.' ரெண்டுக்கும் சம்மதம்னு இருந்தா மாட்டிக்குவாங்க."

முதல் தாளை எடுத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் முழுச் சம்மதம்.

இரண்டாவது. அதுவும்.

நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினெட்டு வரைக்கும் ஒரே பதில். சிவசங்கர் சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது தாளை அவள் சத்தமாகப் படித்தாள்.

"நாலு, சம்மதம் இல்லை. பதினாறு, சம்மதம். கீழே எழுதியும் இருக்கு: பூனையை நடக்க வைத்தேன். ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. திருப்பத் தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து சொன்னால் கற்றுக்கொள்வேன்."

அவள் முகம் மலர்ந்தது. "இதாங்க எனக்கு வேணும்! யாருங்க எழுதினது?"

நான் கையைப் பாதி தூக்கினேன்.

"என்னுதும்மா. ஜெராக்ஸ் எடுத்ததுல ஒண்ணு மிஞ்சிப்போச்சி. எல்லாரும் சாப்பிடப் போனப்ப பூனையத் தொட்டுப் பாத்தேன். தாளை வீணாக்க மனசு வரல. நான் வாத்தியார் இல்ல. கழிச்சிடுங்க."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். வந்தது பத்தொன்பது. படிக்காமல் போட்டது பதினெட்டு. வாத்தியார் அல்லாதவர் போட்டது ஒன்று.

மீதி, பூஜ்யம்.