முப்பத்தொன்பதாம் நாள்

மூப்பர் ஆசீர்வாதம் சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வந்தார். எங்கள் வீட்டில் இரண்டு மேசை போட்டிருக்கிறதா என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

போட்டிருந்தது. பெரிய மேசையில் நானும் ஒன்பது வயது கெசியாவும். பால்கனிக் கதவோரம் மடக்கு மேசையில் என் கணவர் இன்னாசி.

விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. எங்கள் சபையின் ஒழுங்கு அது. நாற்பது நாள். இடையில் வீட்டில் யாராவது மீறினால் மீறியவருக்கும் நாற்பது, விலக்கப்பட்டவருக்கும் முதலிலிருந்து நாற்பது.

இன்று முப்பத்தொன்பது. நாளை ஞாயிறு. பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட் போய், சபை கூடும் கடைவீட்டு மாடியில் எல்லார் முன்னாலும் அவர் முழங்கால் போட்டால் முடிந்தது. திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்.

உலகத்தில் மெய்யான திருச்சபை ஒன்றுதான். அதில் நூற்றுப் பதினேழு பேர் இருக்கிறோம். இந்த ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இதைச் சொன்னதிலிருந்து எங்களோடு லிப்ட்டில் ஏறக்கூட யோசிக்கிறார்கள். எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று என் சொந்த அக்காவே சொல்லித் திரிகிறாள்.

சொல்லிவிட்டுப் போகட்டும். பெருவெள்ளம் வந்தபோதும் பேழைக்குள் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். வெளியே நின்று சிரித்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

இன்னாசி செய்தது சின்னப் பிழையில்லை. அவருடைய அண்ணன் இறந்தபோது பாலிக் புலாவில் கத்தோலிக்கக் கோவிலில் அடக்கப் பூசை. சபை ஒழுங்குப்படி நாங்கள் வாசலோடு நிற்க வேண்டியவர்கள். நானும் கெசியாவும் நின்றோம். அவர் உள்ளே போனார். போனது போதாதென்று, பிறந்து வளர்ந்த பழக்கத்தில் வரிசையில் நின்று, சாமியார் கையிலிருந்து நன்மை அப்பமும் வாங்கினார்.

மறுநாளே மூப்பருக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னது என்று இன்னாசி அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

மூப்பர் உட்காரவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கெசியாவின் பக்கம் குனிந்து, இத்தனை நாளில் அப்பாவின் மேசையில் யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்டார்.



“அம்மா சாப்ட்டாங்க, அங்கிள். வியாழக்கிழமை அப்பா கடையில மீ கோரெங் தாப்பாவ் பண்ணிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் அந்த மேசையிலதான் சாப்ட்டாங்க.”

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பொய் சொல்கிற பிள்ளைக்குச் சபையில் இடமில்லை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

மூன்று வாய்தான் சாப்பிட்டேன். அண்ணனை நினைத்து அழுதுகொண்டே அவர் சாப்பிட்டார், எனக்குத் தாங்கவில்லை. இதை மூப்பரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மூப்பர் கெசியாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். எனக்கு நாற்பது என்றார். இன்னாசிக்கு முதலிலிருந்து நாற்பது என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு மடக்கு மேசைக்குப் போனேன்.

பெரிய மேசையில் கெசியா தனியாகக் கண்ணை மூடி, சத்தமாக ஜெபம் செய்தாள். தினமும் சொல்கிற எங்கள் பெயர்களை இன்று சொல்லவில்லை. அவள் செய்ததெல்லாம் சரிதான். ஆனாலும் என் பிள்ளையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இன்னாசியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

“அன்னைக்கு மூப்பர்கிட்ட சொன்னதும் இவதானா?” என்று மெல்லக் கேட்டார்.

அன்று கோவில் மதிலோரம், ரம்புத்தான் மரத்தடியில் நின்று மூப்பருக்குப் போன் செய்தது நான். சவப்பெட்டியை இன்னும் வெளியே கொண்டுவந்திருக்கவில்லை. பேழையின் கதவு அடைபடுகிற நாளில் இவர் வெளியே நின்றுவிடக் கூடாதே என்று பயந்தேன். பிரியத்தில்தான் செய்தேன்.

ஆமாம், அவள்தான் என்று தலையசைத்தேன்.